ஒரு லாம்புக்கு இன்னொரு லாம்ப்

எங்கள் அத்தான் தொட்ட ரேடியோ எதுவும் அடியோடு செத்துப்போனதில்லை. அவர் தொட்ட பிறகு ஒழுங்காகப் பாடியதும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு. முணுமுணுத்துக்கொண்டு, விட்டுவிட்டு, தொண்டை கட்டியவன் பேசுவதுபோல ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கும் நிலை. ரோஸ் பெல் ஊரில் எங்கள் தெருவில் இருந்த ரேடியோக்கள் எல்லாம் பல வருஷம் அந்த நிலையில்தான் கிடந்தன. அதற்கு வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எல்லாம் அவர் ஒருவருடைய கைங்கரியம்.

அத்தான் என்றால் என் அக்காவின் புருஷன். சர்க்கரை ஆலையில் எலக்ட்ரீஷியன் வேலை. வேலை முடிந்து வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு வீட்டின் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் போய் உட்கார்ந்துவிடுவார். அங்கேதான் அவருடைய டிரான்ஸ்மிட்டர் இருந்தது. எங்களைப் போல ரேடியோவைக் கேட்பதோடு நிற்கிறவர் அல்ல அவர். ரேடியோவில் பேசுவதற்கே சர்க்கார் லைசென்ஸ் வைத்திருந்தார். நைரோபியிலும் டர்பனிலும் மடகாஸ்கரிலும் இவரைப் போலவே கொட்டகைகளில் உட்கார்ந்திருந்த மனிதர்களோடு பேசுவார். அந்த ஊர் மனைவிமார்களும் மைத்துனன்மார்களும் என்ன பாடுபட்டார்களோ, எனக்குத் தெரியாது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு லாம்ப் என்றால் புரியாது. அப்போது ரேடியோவுக்குள் கண்ணாடிக் குமிழ்கள் வரிசையாக நின்று எரியும். வால்வு என்பது புத்தகப் பெயர். எங்கள் தீவில் எல்லோருக்கும் அது லாம்ப்தான். ஒவ்வொரு லாம்புக்கும் ஒரு நம்பர் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. ஒன்று எரிந்துபோனால் அதே நம்பரில் புதியது வாங்கிச் செருக வேண்டும். தலைநகர் போர் லூயியில் கடைக்காரனைக் கேட்டால் அடுத்த கப்பலில் வரும் என்பான். மற்றவர்கள் அடுத்த கப்பலுக்குக் காத்திருப்பார்கள். அத்தான் காத்திருக்க மாட்டார். கையில் எது இருக்கிறதோ அதைச் செருகுவார். கையில் ஒன்றும் இல்லாவிட்டால் அடுத்த வீட்டு ரேடியோவில் எது இருக்கிறதோ அதைச் செருகுவார்.

"நம்பர் எதுக்கு மச்சான்? காலு பொருந்துதா? சூடு ஏறுதா? கொரெக்!"

கொரெக் என்றால் எங்கள் கிரியோலில் 'எல்லாம் சரி' என்று அர்த்தம். நாங்கள் வீட்டிலும் தெருவிலும் பேசியது கிரியோல்தான். தமிழ் கோயிலோடு நின்றுகொள்ளும். நான் கோயில் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவன், மாலை வகுப்பில் உட்கார்ந்து தமிழ் எழுதப் பழகியவன், ஆகவே அவர் பேச்சையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன். அந்தக் கொரெக்கை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் தலை வலிக்கும்.

முதலில் என் ரேடியோ கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆசைப்பட்டு வாங்கிய பெரிய ரேடியோ. தெருமுனை வரைக்கும் கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்து, "உள்ள தூசி அடைஞ்சிருக்கும், தட்டிக் குடுக்கட்டா?" என்று கேட்டார். நானும் சம்மதித்தேன். தூசி தட்டினார், என் மனைவி கொடுத்த டீயைக் குடித்தார், போய்விட்டார். அன்று மாலை செய்தி கேட்க உட்கார்ந்தால், செய்தி வாசிக்கிறவர் எங்கோ கிணற்றுக்குள் இறங்கி நின்று வாசிக்கிறார். பின்பக்கத்துப் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். பெரிய லாம்ப் நின்ற இடத்தில் சின்ன லாம்ப் ஒன்று பரிதாபமாக நின்றுகொண்டிருந்தது. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. அடிப்பாகமும் கால்களும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அண்ணன் தூக்கும் மூட்டையைத் தம்பியால் தூக்க முடியாது.

கொட்டகைக்குப் போனேன். என் லாம்ப் அவருடைய டிரான்ஸ்மிட்டரில் ஜம்மென்று நின்று நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

"அத்தான், இது என்னோடது."

"ஆமா, உன்னோடதுதான். நல்ல லாம்ப், மச்சான். நைரோபிக்காரன் இன்னிக்கு ரொம்பப் பாராட்டினான்."

"என் ரேடியோவுல சத்தமே வரலை."

"உன் வீடு சின்ன வீடு. அவ்வளவு சத்தத்த வச்சு என்ன பண்ணப் போற?"

திருடன் என்று சொல்லலாமா என்றால் முடியாது. எடுத்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வருகிற பழக்கம் அவரிடம் இல்லை. ஒன்றை எடுத்தால் இன்னொன்றை வைத்துவிட்டுத்தான் வருவார். அதனால் தான் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை என்று முழு மனதோடு நம்பினார். அந்த நம்பிக்கைதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தெருமுனையில் சீனன் கடை. அங்கே அரிசி பருப்பு வாங்குகிறவர்களைவிட சனிக்கிழமை குதிரைப் பந்தய வர்ணனை கேட்க வருகிறவர்கள் அதிகம். கடைக்காரர் ரேடியோவை உயரத்தில், புட்டிகளுக்கு நடுவில் சாமி மாதிரி வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை முக்கியமான ஓட்டம் தொடங்கியது. குதிரைகள் கடைசித் திருப்பத்துக்கு வந்தபோது ரேடியோவுக்கு மூச்சு முட்டியது. வர்ணனையாளர் உதட்டை அசைப்பதுபோல மட்டும் ஒரு சத்தம் வந்தது, பிறகு அதுவும் இல்லை. கூலி வாங்கிய கையோடு வந்திருந்த ஆட்கள் கடையை இரண்டாக்கப் பார்த்தார்கள். கடைக்காரர் எடைக்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக எங்கள் அக்கா வீட்டுக்கு நடந்தார். அவர் யாரையும் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டிய அவசியம் ரோஸ் பெல்லில் யாருக்கும் இல்லை.

அன்றைக்கு அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பியது அக்கா. அக்காவின் பாதி வாழ்க்கை இப்படிச் சமாதானப்படுத்துவதிலேயே போனது. அவளுடைய பெரிய தேக்சாவின் மூடி டிரான்ஸ்மிட்டரில் ஏதோ ஒன்றை மூடியிருந்தது. தேக்சாவை அவள் தட்டு வைத்து மூடிச் சமைத்தாள். இஸ்திரிப் பெட்டியின் வயர் ஏரியல் பக்கம் போய்விட்டதால் சட்டைகளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். "எனக்குப் பழகிடுச்சு தம்பி," என்பாள். எனக்குப் பழகவில்லை.

யுத்தம் முடிந்து ராணுவத்தார் போனபோது விட்டுச்சென்ற சாமான்களில் ஒரு பெட்டி நிறைய லாம்ப் அவருக்குக் கிடைத்தது. இனிமேல் நம் ரேடியோக்களை விட்டுவிடுவார் என்று தெருவே நிம்மதியாக மூச்சு விட்டது. பெட்டியைத் திறந்து பார்த்தால் அவை லாரி பேட்டரியில் எரிகிற ரகம், கால்களின் எண்ணிக்கையும் வேறு. வேறொருவர் என்றால் பெட்டியை மூடி வைத்திருப்பார். இவர் எரிந்துபோன பழைய லாம்ப்களின் அடிப்பாகத்தைச் சுத்தியலால் தட்டி எடுத்து, அதில் புதிய லாம்பைப் பொருத்தி, கம்பிகளைக் கால்களுக்குள் இழுத்து ஈயம் பற்றவைத்தார். ஒன்றின் தலை, இன்னொன்றின் கால். அப்படி ஒரு படையையே தயார் செய்து ஜன்னல் விளிம்பில் நிறுத்தினார். பேட்டரி? அறுவடை நேரத்தில் ஒரு நாள் காலை ஆலையின் கரும்பு லாரி கிளம்பவில்லை. டிரைவர் மூடியைத் திறந்து பார்த்தபோது, பேட்டரி இருந்த இடத்தில் வேறொரு சின்ன பேட்டரி இருந்தது.

ஆலையில் நான் குமாஸ்தா. துரை என்னைக் கூப்பிட்டு, "உன் மச்சானுக்கு இரவல் என்றால் என்ன என்று தெரியுமா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அத்தானோ மறுநாள் அதே துரையிடம் போய், அந்தச் சின்ன பேட்டரியே லாரிக்குப் போதும், டிரைவருக்குத்தான் கிளப்பத் தெரியவில்லை என்று விளக்கிவிட்டு வந்தார்.

லாம்போடு நின்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். என் மகனுக்குப் பெயர் வைக்கிற நாளில், அத்தானை மாயெபூருக்குப் போய் ஐயரைக் கூட்டி வரச் சொன்னேன். ஐயருக்கு அன்று வேறு வீட்டில் விசேஷமாம். அத்தான் ஒரு தையற்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். "இவருக்கு ஐயரவிட நல்லாப் பாட வரும். தேவாரம் எல்லாம் தெரியும்." வந்திருந்த உறவெல்லாம் என் முகத்தைப் பார்த்தது. தையற்காரர் உட்கார்ந்து பாடினார். உண்மையிலேயே நன்றாகப் பாடினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கேள்விக்குப் பதில் சொல்வதிலும் அதே கதைதான். நீங்கள் கேட்டதற்கு உரிய பதில் அவரிடம் இல்லாவிட்டால், அல்லது அதைச் சொல்ல அவருக்கு விருப்பம் இல்லாவிட்டால், கையில் இருக்கிற வேறொரு பதிலை எடுத்து வைப்பார். அக்கா, "எண்ணெய் வாங்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்பாள். "நைரோபில இன்னிக்குக் குளிராம்," என்பார். நான், "சீனனோட லாம்பை எப்போ குடுப்பீங்க?" என்பேன். "டர்பன்ல காத்து பலமா அடிக்குதாம்," என்பார். உலகத்து வானிலை எல்லாம் எங்கள் வீட்டில் தெரியும். எண்ணெய் மட்டும் இருக்காது.

இவ்வளவு பாடுபட்டு அப்படி என்னதான் பேசுகிறார் என்று ஒரு நாள் கொட்டகையில் உட்கார்ந்து கேட்டேன். வீட்டில் கிரியோல் பேசுகிற அதே வாய், மைக்குக்கு முன்னால் கஞ்சி போட்ட சட்டை மாட்டிக்கொண்டது மாதிரி பிரெஞ்சு பேசியது. டிரான்ஸ்மிட்டரில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேச முடியாது. ஒருவர் பேசி முடித்ததும் 'ஆ வூ', அதாவது 'இனி உங்கள் முறை' என்று சொல்லிவிட்டு ஒரு சுவிட்சைத் தட்டுவார். பிறகு எதிர்ப்பக்கத்து ஆள் பேசுவது இவருடைய காதுக்கருவியில் மட்டும் கேட்கும். கேட்டதைச் சரியாகக் கேட்டோமா என்று இவர் ஒருமுறை திருப்பிச் சொல்வார். "உங்கள் குரல் தெளிவாக வருகிறது. இங்கே வெயில். அங்கே எப்படி? ஆ வூ." காதுக்கருவியை அழுத்திப் பிடித்துக் கேட்டார். "அங்கே மழை என்கிறீர்கள். நல்லது. ஆ வூ." அவ்வளவுதான். இதற்காகத்தான் ஒரு தெருவே தொண்டை கட்டிக் கிடந்தது.

கோயிலுக்கு ஆம்ப்ளிஃபையர் வாங்கியதும் என் தலைவலி இரட்டிப்பானது. சங்கத்தார் சேர்ந்து, மைக், இரண்டு குழாய் ஸ்பீக்கர் எல்லாம் வாங்கினோம். அதைப் பார்த்துக்கொள்ள ஊரில் வேறு ஆள் இல்லை. அத்தானைத் தவிர யாரிடம் கொடுப்பது? பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கிறோம் என்று தலைவர் கூட்டத்திலேயே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சேர்ந்து சிரித்தார்.

அந்த ஆம்ப்ளிஃபையரின் பின்வரிசையில் நின்றவை இரண்டு பெரிய லாம்ப்கள். டிரான்ஸ்மிட்டருக்கும் அதே ரகம்தான் உகந்தது என்பது என் தலைவிதி. வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஆம்ப்ளிஃபையரில் இருக்கும், சனிக்கிழமை கொட்டகையில் இருக்கும். நான் வேலியைத் தாண்டிப் போய்ச் சண்டை போட்டு வாங்கி வருவேன். கோயிலும் அக்கா வீடும் ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான். அவருடைய ஏரியல் கம்பியின் ஒரு முனை எங்கள் கோயில் மாமரத்தில்தான் கட்டியிருந்தது.

ஆம்ப்ளிஃபையரின் முன்பக்கம் ஒரு சின்ன லாம்ப் உண்டு. மைக்கிலிருந்து வருகிற மெல்லிய சத்தத்தை முதலில் வாங்கிக்கொள்வது அதுதான். அதற்கு மட்டும் கண்ணாடி உடம்பு இல்லை, இரும்பு உடம்பு. காற்றில் அலைகிற வேண்டாத சத்தம் உள்ளே புகாமல் அந்த இரும்பு தடுக்கும். இதை எனக்கு விளக்கிச் சொன்னவர் அத்தான்தான். விளக்கிச் சொன்ன வாரத்திலேயே அதைக் கழற்றிக்கொண்டும் போய்விட்டார். அந்த இடத்தில் ஒரு கண்ணாடி லாம்ப் நின்றது.

"அது வெறும் கண்ணாடியாச்சே அத்தான்? நீங்கதானே சொன்னீங்க?"

"மேல தகரம் சுத்திட்டா ரெண்டும் ஒண்ணுதான். பால் டின்ன வெட்டிப் போட்டுத் தரேன். கொரெக்."

பால் டின்னை அவர் வெட்டவே இல்லை. நானும் பின்வரிசைப் பெரிய லாம்ப்களுக்குக் காவல் நின்றே களைத்துப்போனேன்.

அந்த வருஷம் அக்காவுக்கு வயிற்றில் வலி வந்துகொண்டே இருந்தது. சோறு இறங்கவில்லை. ரவிக்கைகள் தொளதொளவென்று ஆகிவிட்டன. அத்தான் அவளை போர் லூயி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தார். திரும்பி வந்த அன்று நான் பஸ் நிற்கிற இடத்துக்கே போய், "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"கூட்டம் ஜாஸ்தி, மச்சான். உக்கார இடம் இல்ல."

"அக்காவுக்கு என்னவாம்?"

"வாயு. மருந்து குடுத்திருக்காங்க." ரோஸ் நிறத்தில் ஒரு புட்டியைக் காட்டினார்.

அக்கா அந்த மருந்தைக் குடித்தாள், வலியையும் தாங்கிக்கொண்டாள். தைப்பூசக் காவடிக்குப் பால்குடம் எடுப்பதாக முருகனுக்கு நேர்ந்துகொண்டு விரதம் இருந்தாள். அத்தானோ முன்னைவிட மோசமானார். வேலை விட்டு வந்தால் சாப்பிடக்கூட நிற்காமல் கொட்டகைக்கு ஓடினார். யார் வீட்டு ரேடியோவையும் விட்டு வைக்கவில்லை. இன்னும் பலம் வேண்டும், இன்னும் பலம் வேண்டும் என்று லாம்புக்கு மேல் லாம்பாகப் பறித்துச் செருகினார். பொழுது சாய்கிற நேரத்தில் மடகாஸ்கரைப் பிடிக்க வேண்டுமாம். பெண்டாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள், இவர் மடகாஸ்கரைப் பிடிக்கிறார். அவரை வேலிக்கு இந்தப் பக்கம் நிறுத்தி நான் என் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரியூனியன் தீவுல புயல் வரும் போலிருக்கு," என்றார்.

காவடி நாள் வந்தது. வெயில் பொரிந்தது. காலையிலேயே நான் ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இரண்டு பெரிய லாம்ப்களும் இடத்தில் இருந்தன. முருகா, இந்த ஒரு நாளாவது மனது வைத்தாயே என்று கும்பிட்டேன். ஆற்றங்கரையிலிருந்து காவடிகள் கிளம்பி வெறுங்காலோடு தார் ரோட்டில் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. ஸ்பீக்கரில் ஐயரின் குரல் நன்றாகவே கேட்டது. அத்தான் என் தோளைத் தொட்டு, "வீட்ல ஒரு சின்ன வேல. இதோ வந்திடறேன்," என்றார். எனக்கு அவரோடு சண்டை போட நேரம் இல்லை. கையை மட்டும் ஆட்டினேன்.

கோயில் வாசல் நிறைந்து நின்றது. மஞ்சள் புடவையில் தலைமேல் பால்குடத்தோடு அக்கா பெண்கள் வரிசையில் நின்றாள். ஐயர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு உள்ளே தீபாராதனைக்குப் போனார். ஒரு நிமிஷம் ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். பிறகு கூரை மேலிருந்த இரண்டு குழாய்களிலும் அத்தானின் குரல் வந்தது, கஞ்சி போட்ட பிரெஞ்சில்.

"உங்கள் குரல் தெளிவாக வருகிறது டாக்டர். இங்கே வெயில் அதிகம், காற்று இல்லை. ஆ வூ."

கூட்டம் அண்ணாந்து பார்த்தது. ஒருவன் சிரித்தான். தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். எனக்கு உடனே விளங்கிவிட்டது. இரும்பு லாம்ப் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிற அந்தக் கண்ணாடி லாம்ப்! வேலிக்கு அந்தப் பக்கத்துப் பேச்சை முழுதாக வாங்கி, முருகன் கோயில் ஸ்பீக்கரில் கொட்டிக்கொண்டிருக்கிறது. அன்று தெருவே கோயிலில் இருந்தது, வீடுகள் எல்லாம் திறந்து கிடந்தன. டிரான்ஸ்மிட்டருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்பதை ஒவ்வொரு வீட்டாரும் மறுநாள் ரேடியோவைத் திருகியபோது தெரிந்துகொண்டார்கள்.

பிளக்கைப் பிடுங்க நான் ஆம்ப்ளிஃபையர் பக்கம் பாய்ந்தேன். அதற்குள் குரல் மறுபடியும் வந்தது.

"மறுபடியும் என் மனைவி விஷயத்துக்கே வருகிறேன் டாக்டர். இங்கே ஆஸ்பத்திரியில் வயிற்றில் கட்டி என்கிறார்கள். அறுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அவளுக்கு இது தெரியாது. வாயு என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? ஆ வூ."

பிரெஞ்சு புரியாதவர் எங்கள் தீவில் யார் இருக்கிறார்கள்? குழந்தைகள்கூடப் பேச்சை நிறுத்தின. மேளக்காரர் கோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் ஓடியது. மடகாஸ்கர் டாக்டர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது அத்தான் ஒருவர் காதில்தான் விழுகிறது. ஒரு கோயில் கூட்டம் முழுதும் தனக்குக் கேட்காத பதிலுக்காகக் காது கொடுத்து நின்றது.

என் கை பிளக்கின் மேல் இருந்தது. அக்கா தலைமேல் குடத்தை ஒரு கையால் பிடித்தபடியே என்னிடம் வந்தாள்.

"விடு தம்பி."

"அக்கா, இது..."

"அப்படியே விடு. கேக்கட்டும். வீட்ல ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு."

நான் கையை எடுத்தேன்.

"நீங்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன், டாக்டர். எல்லாக் கட்டியும் கெட்ட கட்டி அல்ல. இந்த மாதிரி நிறையப் பேருக்கு நீங்களே வெட்டி எடுத்திருக்கிறீர்கள். உடனே செய்தால் பிழைக்க வழி உண்டு, தள்ளிப் போட்டால் இல்லை. நான் கேட்டது சரியா? ஆ வூ."

இரைச்சல். பெண்கள் வரிசையில் யாரோ விம்மியதும் பக்கத்தில் இருந்தவள் அவள் வாயைப் பொத்தினாள்.

"சரி, டாக்டர். போன வாரமும் இதையேதான் சொன்னீர்கள். அதற்கு முந்தின வாரமும் சொன்னீர்கள். எனக்கு மறக்கவில்லை." மூச்சு விடுவது கேட்டது. "பயம் எனக்குத்தான். அவள் உள்ளே போய்த் திரும்பி வராவிட்டால், அவளுக்குப் பதிலாக எனக்கு வேறு யாரும் கிடையாது. ஆ வூ."

எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகையும் வந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் முதலில் வந்தது கோபம். கடல் தாண்டி, முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரனிடம் வாரா வாரம் இதைச் சொல்ல முடிந்திருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிற என்னிடம் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் படுத்திருக்கிறவளிடம் சொல்ல முடியவில்லை. நான் வாய்க்கு வந்தபடி திட்டியபோதாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? புயல் வருகிறதாம், ரியூனியனில்!

இன்னும் ஒருமுறை நன்றி சொன்னார், டாக்டரின் வீட்டார் நலத்தை விசாரித்தார், ஸ்பீக்கர் இரைச்சலுக்குத் திரும்பியது. உள்ளே மணி அடித்தது. அக்கா மற்ற பெண்களோடு உள்ளே போனாள். கால் தடுமாறவில்லை. பால் முருகன் தலையில் விழுகிற வரையில் கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அக்கா அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தாள், சுதந்திரக் கொடி ஏறுவதையும் பார்த்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மீதியை யாரும் கவனிக்க மாட்டீர்கள். நான் சொல்ல வந்தது அத்தான் திரும்பி வந்ததைப் பற்றி.

வேலியைத் தாண்டித்தான் வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராக ஆம்ப்ளிஃபையரிடம் போய்க் குனிந்து லாம்ப்களின் மேல் உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்த்தார். கூட்டம் அவருக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றது, அதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

"என்ன மச்சான், எல்லாம் கொரெக்தானே? கரகரன்னு ஏதாச்சும் வந்துச்சா?"

என் வாயில் இருபது வருஷத்து வசவு திரண்டு நின்றது. நான் தொடங்குவதற்கு முன்னால் அக்கா சன்னதியிலிருந்து வெளியே வந்தாள். நெற்றி நிறைய விபூதி, கையில் காலிக் குடம். நேராக அவர் எதிரில் வந்து நின்றாள்.

"கரகரன்னு ஒண்ணும் வரலை. எல்லாம் தெளிவாத்தான் கேட்டுச்சு. அந்த டாக்டர் சொன்ன ஆபரேஷனுக்கு எப்போ போறோம்?"

அவர் அவளைப் பார்த்தார். கூரை மேலிருந்த ஸ்பீக்கரைப் பார்த்தார். முன்பக்கத்து அந்தச் சின்ன லாம்பைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. சுற்றி நின்ற அத்தனை முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் தொண்டையைக் கனைத்தார்.

"மடகாஸ்கர்ல இன்னிக்கு நல்ல மழையாம்."

"மழை பெய்யட்டும்," என்றாள் அக்கா. "எப்போ போறோம்?"

குடத்தை அவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அதன் உள்ளே பார்த்தார்.

"செவ்வாக்கெழம," என்றார். "காலைல மொதல் பஸ்ஸுக்கே போயிடலாம். பயப்படாத."